கடல் கடந்த வீடு

தமிழில் "வீடு" என்ற சொல்லுக்குப் பெரியோர்கள் இரண்டு பொருள் வைத்திருக்கிறார்கள். ஒன்று நாம் குடியிருக்கும் வீடு, மற்றொன்று மோட்சம். இரண்டாவது வீட்டை அடைவது கடினம் என்பது பிரசித்தமான விஷயம். ஆனாலும் அதற்கு முத்திரைத் தீர்வை கிடையாது, வில்லங்க சர்ட்டிபிகேட் கேட்பாரில்லை, "நீர் எந்தத் தேசத்துப் பிரஜை?" என்று வாசலில் நிறுத்தி விசாரிப்பாரும் இல்லை. முதலாவது வீட்டுக்கோ இவ்வளவும் வேண்டும். அந்த வீடு கடலுக்கு அப்பால் இருந்துவிட்டால், இன்னும் எத்தனையோ வேண்டும்.

இந்த எண்ணத்தை நமக்கு உண்டாக்கியது வடுகபட்டியிலிருந்து வந்த ஒரு கடிதம். தேனி ஜில்லாவில், பெரியகுளத்தை அடுத்துள்ள வடுகபட்டியைத் தமிழ்நாட்டில் பூண்டு வாங்கும் வியாபாரிகள் எல்லோரும் அறிவார்கள். கொடைக்கானல் மலைப் பூண்டு அந்தச் சந்தைக்கு வந்துதான் ஊர் ஊராகப் பிரிந்து போகிறது. 2019-ம் வருஷத்தில் அந்தப் பூண்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கடிதம் எழுதிய நேயர் பூண்டு வியாபாரி. தகப்பனார் வழியில் வந்த மாந்தோப்பு ஒன்றும் அவருக்கு உண்டு. மூத்த மகன் சிங்கப்பூரில் உத்தியோகம் பார்க்கிறார். மாதந்தோறும் அவர் கொடுக்கும் வாடகையைக் கேட்டால் தலை சுற்றுகிறதாம். "தோப்பை விற்று அங்கே மகனுக்கு ஒரு வீடு வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். வீட்டு அம்மாள் கூடாது என்கிறாள். காரணம் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. தாங்கள் மத்தியஸ்தம் செய்ய வேண்டும்" என்று எழுதியிருக்கிறார்.

புருஷன் மனைவி வழக்கில் மத்தியஸ்தம் செய்யப் போகிறவன் இரண்டு பக்கத்திலும் வசவு வாங்குவான் என்பதை நாம் அறிவோம். இருந்தாலும் இந்தக் கேள்வி ஒரு குடும்பத்தின் கேள்வி மட்டும் அன்று. சிங்கப்பூர், மலேசியா, துபாய், லண்டன், டொரண்டோ என்று பிள்ளைகள் பரவியிருக்கும் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களில் இதே பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. ஆகவே கொஞ்சம் விஸ்தாரமாகவே விசாரிப்போம்.

வடுகபட்டியில் ஒரு மனை வாங்குவதென்றால் நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? மூலப் பத்திரத்தை வாங்கிப் பார்க்கிறார்கள். ரிஜிஸ்திரார் ஆபீஸில் வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார்கள். பட்டா யார் பேரில் இருக்கிறது, பாதை யாருக்குச் சொந்தம், கிணற்றில் பங்கு உண்டா என்று கேட்கிறார்கள். பத்திரம் எழுதுகிறவரை விட அடுத்த வீட்டுப் பாட்டியிடம் அதிகத் தகவல் கிடைக்கும் என்பதால் அவரையும் விசாரிக்கிறார்கள். பிறகு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக, 2023-ம் வருஷத்து ஏற்பாட்டின்படி, நூற்றுக்கு ஒன்பது ரூபாய் கட்டிவிட்டால் காரியம் முடிந்தது.

இவ்வளவு கேள்விகளிலும் ஒரு கேள்வி மட்டும் எழுவதே இல்லை. "இந்த ஊரில் இருப்பதற்கு உமக்கு அதிகாரம் உண்டா?" என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் சண்டைதான் வரும். இந்தியப் பிரஜைக்கு இந்தியாவில் வசிக்கும் உரிமை மூச்சுக் காற்று மாதிரி. இருக்கும்போது அதன் நினைவே வருவதில்லை. வெளிதேசத்திலோ அந்தக் கேள்விதான் முதல் கேள்வி. மூலப் பத்திரம், வில்லங்கம் எல்லாம் அதற்குப் பின்னால் வருகின்றன.

இந்தப் பாடத்தைப் படிக்க நமது நேயர் சிங்கப்பூருக்குப் போக வேண்டியதில்லை. கம்பம் பள்ளத்தாக்கிலேயே இதற்கு மிகப் பெரிய உதாரணம் இருக்கிறது. பெரியாற்றின் தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிக் கம்பம் பள்ளத்தாக்குக்கும் மதுரைச் சீமைக்கும் கொண்டு வருவதற்குச் சென்னை ராஜதானிக்கு மலை மேல் இடம் தேவைப்பட்டது. இடம் இருந்ததோ திருவிதாங்கூர் சமஸ்தானத்தில். 1886-ம் வருஷம் அக்டோபர் மாதம் 29-ந் தேதி ஒப்பந்தம் ஆயிற்று. சுமார் 8,000 ஏக்கர் நிலம், ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய் வாடகை, ஆக மொத்தம் 40,000 ரூபாய், 999 வருஷத்துக்குக் குத்தகை. பென்னிகுயிக் துரை கட்டிய அணை 1895-ல் முடிந்தது.

குத்தகைதாரர் யார் என்பதைக் கவனிக்க வேண்டும். இந்தியா முழுவதையும் ஆண்டுகொண்டிருந்த பிரிட்டிஷ் சர்க்கார்! அவர்களே பக்கத்துச் சமஸ்தானத்தில் நிலத்தைக் கிரயத்துக்கு வாங்கவில்லை, குத்தகைக்குத்தான் பெற்றார்கள். நிலம் திருவிதாங்கூருடையதாகவே இருந்தது. 999 வருஷம் என்றால் நாற்பது தலைமுறை. அதற்கு மேல் யார் கவலைப்படப் போகிறார்கள் என்று அன்று நினைத்திருப்பார்கள். நடந்தது என்ன? 1970-ல் ஒப்பந்தத்தைத் திருத்தி வாடகையை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்த்த வேண்டியிருந்தது. ஏரியில் மீன் பிடிக்கும் உரிமையும் கேரளத்துக்குப் போயிற்று. 2006-ல் 142 அடி வரை தண்ணீர் தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிற்று. அதே வருஷத்தில் கேரளச் சட்டசபை தன் சட்டத்தைத் திருத்தி அதற்குத் தடை போட்டது. அந்தத் திருத்தம் செல்லாது என்று 2014-ல் ஐந்து நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். சமஸ்தானங்கள் மறைந்து, இரு பக்கமும் ஒரே குடியரசின் ராஜ்யங்களாகி, இரண்டுக்கும் பொதுவாக ஒரு நீதிமன்றமும் ஏற்பட்ட பிறகு நிலைமை இது. நிலம் ஒருவர் ஆட்சியிலும் பத்திரம் இன்னொருவர் பெட்டியிலும் இருந்தால், பத்திரத்தில் எத்தனை வருஷம் எழுதியிருந்தாலும் ஒவ்வொரு தலைமுறையும் வாதாடித்தான் தீர வேண்டும்.

பள்ளத்தாக்கிலிருந்து கடலைத் தாண்டிப் போனால் பர்மாவின் கதை இருக்கிறது. செட்டிநாட்டு நகரத்தார் அங்கே லேவாதேவி செய்யப் போனார்கள். நிலம் வாங்குவது அவர்களுடைய உத்தேசம் அன்று. 1930-ல் கீழ்ப் பர்மாவின் பதின்மூன்று முக்கிய நெல் ஜில்லாக்களில் நூற்றுக்கு ஆறு பங்கு நிலந்தான் அவர்கள் கையில் இருந்தது. நெல் விலை விழுந்தது. கடன் வாங்கிய குடியானவர்களால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. ஈட்டு நிலங்கள் வந்து சேர்ந்தன. 1937-ல் அது நூற்றுக்கு இருபத்தைந்து பங்காகிவிட்டது. காகிதத்தில் பார்த்தால் பெரிய ஐசுவரியம்.

அந்த 1937-ம் வருஷம் ஏப்ரல் மாதம் முதல் தேதி இன்னொரு காரியமும் நடந்தது. அது வரையில் இந்தியாவின் ஒரு மாகாணமாக இருந்த பர்மா தனியாகப் பிரிந்தது. நகரத்தார் இடம் பெயரவில்லை. நிலம் இடம் பெயரவில்லை. எல்லைக்கோடு இடம் பெயர்ந்தது. முந்தின இரவு உள்நாட்டுச் சொத்தாக இருந்தது மறுநாள் காலையில் வெளிநாட்டுச் சொத்தாகிவிட்டது. 1942-ல் யுத்தத்தின் காரணமாக லட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவை விட்டு ஓடி வந்தார்கள். கால்நடையாகவே மலை தாண்டி வந்தவர்கள் பலர். 1947-ல் அன்னியருக்கு ஸ்தாவர சொத்தை மாற்றிக் கொடுக்கக் கூடாது என்று அங்கே சட்டம் வந்தது. 1948-ல் நிலங்களைத் தேச உடைமையாக்கும் சட்டமும் வந்தது. செட்டிநாட்டுப் பெட்டிகளில் பர்மாப் பத்திரங்கள் மிஞ்சின.

இதற்காகப் பர்மியர்களைத் தூஷிப்பது நியாயமாகாது. தன் நெற்கழனியில் தான் குத்தகைக்கு உழுது, கடலுக்கு அப்பால் இருக்கும் ஒருவருக்கு வாரம் அளக்க வேண்டிய குடியானவனுக்கு எப்படி இருந்திருக்கும்? அன்னிய ஆட்சியில் இருந்த நமக்கு அந்த மன நிலை புரியாமல் போகாது. சுதந்திரம் அடைந்த எந்தத் தேசமும் முதலில் தன் மண்ணைத்தான் எண்ணிப் பார்க்கும்.

பர்மாவில் பத்திரம் இருந்தது, பிரஜா உரிமை இல்லை. இலங்கையில் நம்மவர்களுக்கு இரண்டுமே இல்லை. தேயிலைத் தோட்டங்களில் லயன்களில் தலைமுறை தலைமுறையாக வசித்தவர்களுக்கு அந்த அறை தோட்டத்தைச் சேர்ந்தது; அவர்களைச் சேர்ந்தது அன்று. 1948-ம் வருஷத்து இலங்கைப் பிரஜா உரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரைத் தேசமற்றவர்களாக்கிற்று. 1964-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் ஸ்ரீமாவோவும் லால்பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது என்று பங்கு பிரிக்கப்பட்டது. மீதியிருந்த 1,50,000 பேரைப் பற்றிய முடிவு 1974-ல்தான் ஏற்பட்டது. அங்கேயே தங்கிவிட்டவர்களில் உரிமை பெறாதிருந்தோருக்கு 2003-ம் வருஷத்துச் சட்டம் வர வேண்டியிருந்தது. சொந்த வீடு உடையவனைக் கூட இவ்வளவு சுலபமாகப் பங்கு போட முடியாது என்று தோன்றலாம். ஆனால் பர்மாவைப் பார்த்த பிறகு அதுவும் சந்தேகமாகவே இருக்கிறது. காக்கிற சக்தி செங்கல்லுக்கு இல்லை. பிரஜா உரிமைக்கே உண்டு.

இவையெல்லாம் பழங்கதை, இப்போது உலகம் ஒரே குடும்பமாகிவிட்டது என்று சில நேயர்கள் சொல்லக்கூடும். உலகக் குடும்பத்தில் அவரவர் அறைக்கு அவரவர் போட்டிருக்கும் பூட்டைக் கொஞ்சம் பார்க்கலாம்.

முதலில் நமது வடுகபட்டி நேயருக்கு வேண்டிய சிங்கப்பூர். அங்கே ஜனங்களில் பெரும்பாலோர் வசிப்பது சர்க்கார் வீட்டு வசதிக் கழகம் கட்டிய அடுக்கு வீடுகளில். அவற்றை வேலைக்காக வந்திருக்கும் வெளிநாட்டார் வாங்க முடியாது. மண்ணோடு சேர்ந்த தனி வீட்டை 1976-ம் வருஷத்துச் சட்டப்படி சர்க்கார் விசேஷ அனுமதியில்லாமல் வாங்க முடியாது. மிஞ்சுவது தனியார் அடுக்கு மாடி வீடு. அதற்கு 2023-ம் வருஷம் ஏப்ரல் 27-ந் தேதி முதல் வெளிநாட்டார் செலுத்த வேண்டிய கூடுதல் முத்திரைத் தீர்வை நூற்றுக்கு அறுபது! பத்து லட்சம் சிங்கப்பூர் டாலர் விலையுள்ள வீட்டுக்கு இந்தத் தீர்வை மட்டும் ஆறு லட்சம் டாலர். சாதாரணத் தீர்வை 24,600 டாலர் தனி. வடுகபட்டியில் நூற்றுக்கு ஒன்பது கொடுக்கவே முணுமுணுக்கும் நாம் இதைக் கேட்டு மூர்ச்சை போடாமல் இருப்பதே பெரிய காரியம். நிரந்தர வாச உரிமை பெற்றவருக்கு முதல் வீட்டுக்கு இந்தக் கூடுதல் தீர்வை நூற்றுக்கு ஐந்துதான். சொந்தப் பிரஜைக்கு முதல் வீட்டுக்கு ஒன்றுமே இல்லை. ஒரே வீடு, ஒரே சுவர், ஒரே ஜன்னல். வாங்குகிறவர் கையிலுள்ள காகிதத்தைப் பொறுத்து மூன்று விலை.

மலேசியாவில் வெளிநாட்டார் மனை வாங்க அந்தந்த ராஜ்யத்து அதிகாரிகளின் சம்மதம் வேண்டும். பல ராஜ்யங்களில் பத்து லட்சம் ரிங்கிட்டுக்குக் குறைந்த வீட்டை அவர்கள் தொட முடியாது. மலாய்க்காரர்களுக்கென்று 1913 முதல் ஒதுக்கி வைக்கப்பட்ட நிலங்களை அந்நாட்டுத் தமிழ்ப் பிரஜைகளே வாங்க இயலாதென்றால் நாம் எம்மாத்திரம்? கானடா தேசம் 2023-ம் வருஷம் ஜனவரி முதல் வெளிநாட்டார் வீடு வாங்குவதைப் பெரும்பாலும் தடுத்தது. பிறகு அந்தத் தடையை 2027 ஜனவரி வரை நீட்டிற்று. ஆஸ்திரேலியா 2025 ஏப்ரல் முதல் 2027 மார்ச் வரை பழைய வீடுகளை வெளிநாட்டாருக்கு விற்பதற்குத் தடை போட்டது. துபாய் 2006-ம் வருஷத்துச் சட்டத்தால் சில குறிப்பிட்ட பகுதிகளில் வெளிநாட்டாருக்கு முழுச் சொத்துரிமை அளித்திருக்கிறது. இருபது லட்சம் திர்ஹாம் பெறுமான சொத்திருந்தால் நீண்ட கால வாச அனுமதியும் உண்டு. ஆனால் அங்கும் வீட்டுக்குச் சொந்தக்காரராகலாமே தவிர, வீடு வாங்கியதனால் பிரஜையாகிவிட முடியாது.

இது அநியாயம் என்று கோபிப்பதற்கு முன்னால் நம் வாசலையும் பார்க்க வேண்டும். இந்திய வம்சாவளியினரல்லாத வெளிநாட்டார் வெளிதேசத்தில் இருந்துகொண்டு இங்கே வீடோ மனையோ விலைக்கு வாங்க நம் சட்டம் சம்மதிப்பதில்லை. பக்கத்து நாடுகள் உள்ளிட்ட சில தேசங்களின் பிரஜைகள், இந்தியாவில் வசித்தாலும், ரிசர்வ் பாங்கின் முன் அனுமதியில்லாமல் ஸ்தாவர சொத்து வாங்க முடியாது; ஐந்து வருஷத்துக்கு மேற்படாத குத்தகைக்குத்தான் எடுக்கலாம். அந்த ஜாபிதாவில் இலங்கையும் இருக்கிறது. 1983 முதல் தமிழ்நாட்டு முகாம்களில் வந்து தங்கிய ஈழத் தமிழர்கள் நம் மொழி பேசுகிறார்கள். நம் கோயிலில் கும்பிடுகிறார்கள். அவர்கள் பிள்ளைகள் நம் பள்ளிக்கூடங்களில் படித்துப் பட்டம் பெற்றிருக்கிறார்கள். 2021-ல் "அகதிகள் முகாம்" என்ற பெயரும் "மறுவாழ்வு முகாம்" என்று மாறிற்று. இருந்தாலும் வடுகபட்டியில் ஒரு சென்ட் மனை வாங்க வேண்டுமானால் அவர்கள் வெளிநாட்டார்தான். அவர்களை நினைத்துக்கொண்டால், சிங்கப்பூர் அதிகாரியின் மேல் நமக்கு வரும் கோபம் பாதி தணிந்துவிடும்.

இனி, பணம் போகும் வழி. "தெரிந்த மனுஷர் ஒருவர் இருக்கிறார், இங்கே ரூபாயாகக் கொடுத்தால் அங்கே டாலராகக் கொடுத்துவிடுவார்" என்று யாராவது சொன்னால் அந்தத் தெரிந்த மனுஷரைத் தெரியாத மனுஷராக்கிக் கொள்வதே உத்தமம். முறையான வழி பாங்கு வழி. இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ஒரு நிதி வருஷத்தில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். வீடு வாங்குவதற்கும் அனுப்பலாம். 2025 ஏப்ரலில் வந்த விகிதப்படி பத்து லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு நூற்றுக்கு இருபது வீதம் வருமான வரிக்கணக்கில் முன்கூட்டியே பிடித்துக்கொள்வார்கள். அது பிற்பாடு வரியில் கழியும் அல்லது திரும்பி வரும். ஆனால் அது வரையில் கையை விட்டுப் போயிருக்கும்.

வாங்கிய வீட்டை இந்தியாவில் வசிப்பவர் வருஷந்தோறும் வருமான வரிப் பத்திரத்தில் காட்ட வேண்டும். மறந்துவிட்டேன் என்றால் 2015-ம் வருஷத்துக் கறுப்புப் பணச் சட்டத்தில் பத்து லட்சம் ரூபாய் அபராதத்துக்கு இடமிருக்கிறது. வாங்கிய பணத்துக்குக் கணக்கே காட்ட முடியாவிட்டால் சொத்தின் மதிப்பில் நூற்றுக்கு முப்பது வரி. அந்த வரியைப் போல் மூன்று மடங்கு அபராதம். கூட்டிப் பார்த்தால் நூற்றுக்கு நூற்றிருபது. வீட்டையே விற்றுக் கொடுத்தாலும் பாக்கி நிற்கும்!

நாணய மாற்றின் விஷயமும் உண்டு. 1991-ம் வருஷக் கடைசியில் ஓர் அமெரிக்க டாலருக்குச் சுமார் 26 ரூபாய். இன்று 80 ரூபாய்க்கும் மேல். வெளிநாட்டுச் சொத்து நல்லது என்கிறவர்கள் இதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் இதே கத்திக்கு மறு முனையும் உண்டு. வீட்டுக் கடன் டாலரிலும் அதைத் தீர்க்கும் வருமானம் பூண்டுக் கடையின் ரூபாயிலும் இருந்தால், கட்டக் கட்டக் கடன் வளர்ந்துகொண்டே போகும். எந்த நாணயத்தில் சம்பாதிக்கிறோமோ அந்த நாணயத்தில் கடன் வாங்குவதுதான் க்ஷேமம்.

மனிதன் சாசுவதமல்லவே, ஆகவே மரணத்தையும் யோசிக்க வேண்டும். நம் நாட்டில் மரணச் சொத்து வரியை 1985-ல் எடுத்துவிட்டார்கள். அதனால் தகப்பனார் காலமானால் சர்க்காருக்குப் பங்கு கொடுக்க வேண்டும் என்ற எண்ணமே நம்மவர்களுக்கு இல்லை. சிங்கப்பூரும் 2008-ல் எடுத்துவிட்டது. இங்கிலாந்தில் அப்படி இல்லை. 3,25,000 பவுனுக்கு மேற்பட்ட சொத்துக்குப் பொதுவாக நூற்றுக்கு நாற்பது வரி. சொந்தக்காரர் எங்கே வசித்தாலும் அங்குள்ள வீடு தப்பாது. அமெரிக்காவில் அந்நாட்டுப் பிரஜையோ வாசியோ அல்லாதவருக்கு 60,000 டாலர் வரைதான் விலக்கு. மேலும், ஸ்தாவர சொத்து யாருக்குப் போக வேண்டும் என்பதை அது இருக்கும் இடத்துச் சட்டமே பொதுவாகத் தீர்மானிக்கிறது. பெரியகுளத்தில் எழுதிய உயில் துபாயில் தானாகச் செல்லும் என்று நம்பியிருக்கக் கூடாது. முஸ்லிம் அல்லாதார் உயில்களைப் பதிவு செய்ய 2015 முதல் அங்கே தனி ஏற்பாடு இருக்கிறது. அந்தந்த நாட்டில் ஓர் உயில் எழுதி வைப்பது விதவைகளையும் குழந்தைகளையும் பெரிய சங்கடத்திலிருந்து காப்பாற்றும்.

இப்போது தோப்புக்கு வருவோம். வீட்டு அம்மாளுக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை என்று நேயர் எழுதியிருக்கிறார். அம்மாளுக்காக நாமே அந்தக் காரணத்தைச் சொல்கிறோம். அதுவும் சட்டப் புத்தகத்திலிருந்தே சொல்கிறோம்.

இந்திய அன்னியச் செலாவணி விதிகளின்படி, வெளிநாட்டில் வசிக்கும் இந்தியப் பிரஜை இந்தியாவில் வீடும் மனையும் வாங்கலாம்; ஆனால் விவசாய நிலமோ, தோட்டமோ, பண்ணை வீடோ வாங்க முடியாது. அவர் பிற்காலத்தில் அந்நாட்டுப் பிரஜையாகிவிட்டால், நம் சட்டம் இரட்டைப் பிரஜா உரிமையை ஒப்புக்கொள்ளாதாகையால், இந்தியப் பிரஜா உரிமை போய்விடும். அப்போது வெளிநாடு வாழ் இந்திய வம்சாவளியினருக்கான அட்டையை வைத்துக்கொண்டும் விவசாய நிலம் வாங்க முடியாது. இந்த விதிக்கு ஒரே ஒரு வாசல் வைத்திருக்கிறார்கள். தகப்பனார் பாட்டனாரிடமிருந்து வாரிசாக வருவதானால் தோப்பையும் வயலையும் பெற்றுக்கொள்ளலாம்.

இதன் அர்த்தம் என்ன? தோப்பு இன்று அப்படியே இருந்தால், மகன் எந்த நாட்டில் இருந்தாலும், எந்த நாட்டுப் பிரஜையானாலும், ஒருநாள் அது அவரைச் சேரும். இன்று அதை விற்றுவிட்டால், அவர் அங்கே கோடி கோடியாகச் சம்பாதித்தாலும், ஊருக்குத் திரும்பி நிரந்தரமாகக் குடியேறும் வரையில் அந்தத் தோப்பில் ஒரு மாமரத்தடியைக் கூட விலைக்கு வாங்க முடியாது. சிங்கப்பூர் வீட்டை வேண்டாமென்றால் விற்றுவிடலாம். அங்கே இல்லாவிட்டால் வேறொரு தெருவில் வாங்கலாம். வடுகபட்டித் தோப்போ போனால் போனதுதான். அம்மாளின் மனம் சொன்னதும் சட்டம் சொல்வதும் ஒன்றாக இருப்பதால், வழக்கை அம்மாளுக்கு அனுகூலமாகத் தீர்ப்புச் சொல்கிறோம்.

அப்படியானால் பிள்ளைகள் வெளிதேசத்தில் வீடு வாங்கவே கூடாதா? அப்படி நாம் சொல்லவில்லை. குடியிருக்கிற ஊரில் சொந்தக் கூரை வேண்டுமென்று நினைப்பது மனித சுபாவம். மகன் தன் சம்பாத்தியத்தில், வெளிநாட்டில் வசிக்கும்போது, வாங்குகிற வீட்டுக்கு நம் சட்டத்திலும் தடை இல்லை. இந்தியாவுக்குத் திரும்பிய பிறகும் அதை வைத்துக்கொள்ளலாம். முறை மாத்திரம் மாறக் கூடாது. முதலில் அந்நாட்டில் நிரந்தரமாக வசிக்கும் உரிமை, பிறகு வீடு. வேலை போனால் எத்தனை நாளில் வெளியேற வேண்டும் என்ற கேள்விக்கு விடை தெரிந்த பிறகே வீட்டுத் தரகரிடம் பேச வேண்டும். தரகரைக் கேட்பதற்கு முன் அந்நாட்டு வக்கீல் ஒருவரைக் கேட்க வேண்டும். அந்த வக்கீல் தரகர் சிபாரிசு செய்தவராக இருக்கக் கூடாது. கண்ணால் பார்க்காத வீட்டுக்கு, படத்தைப் பார்த்து முன்பணம் அனுப்பக் கூடாது. பூண்டு மூட்டையைப் பிரித்துக் கையை உள்ளே விட்டுப் பார்க்காமல் விலை பேசாத வடுகபட்டி வியாபாரிக்கு இதை நாம் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

அது வரையில் வாடகை கொடுப்பதில் மானக் குறைவு ஒன்றும் இல்லை. மாதந்தோறும் போகும் வாடகையைப் பாழ்ப் பணம் என்று நேயர் கருதுகிறார். நூற்றுக்கு அறுபது தீர்வையோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கும்படி அவரைக் கேட்டுக்கொள்கிறோம். பத்து லட்சம் டாலர் வீட்டுக்குரிய ஆறு லட்சம் டாலர் தீர்வையை மாதம் நாலாயிரம் டாலர் வீதம் வாடகையாகக் கொடுத்தால் பன்னிரண்டரை வருஷம் தாங்கும். அதற்குள் மகனுக்கு நிரந்தர வாச உரிமை கிடைத்திருக்கும், அல்லது ஊர் திரும்பும் எண்ணம் வந்திருக்கும். இரண்டில் எது நடந்தாலும், வடுகபட்டி மாந்தோப்பு சித்திரை மாதத்தில் காய்த்துக்கொண்டுதான் இருக்கும். பேரக் குழந்தைகள் லீவுக்கு வந்தால் பழம் தின்னலாம்.